அப்பாவின் 120 ஒய்க்குப் புது கார்புரேட்டர் வேண்டுமா?

வாசகி ஒருவர் எழுதியது:

"வணக்கம் அண்ணே. பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பா அங்கே மண்டோராக இருந்தவர். அவர் வைத்திருந்த 1977ஆம் ஆண்டு டட்சன் 120 ஒய் காடியை, அவர் தவறிய பிறகு நான் ஓட்டுகிறேன். தாப்பாவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. நாலைந்து மாதமாகக் காடி தொல்லை கொடுக்கிறது. இன்ஜின் சூடானதும் சாலை விளக்கில் நின்றால் அணைந்துபோகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அணையாமல் ஓடுகிறது. அதனால் பாதி இழுத்தபடியே ஓட்டுகிறேன். எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) மிதித்ததும் ஒரு நொடி திணறிவிட்டு அப்புறம்தான் போகிறது. காலையில் பானெட் பக்கம் பெட்ரோல் வாசம் வருகிறது. எங்கள் ஊர் ஃபோர்மேன் (கார் மெக்கானிக்) பார்த்ததும் 'கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும், 350 வெள்ளி' என்றார். அப்பாவின் நண்பர் ஒருவர் வெபர் கார்புரேட்டர் போடச் சொல்கிறார். அம்மா, காடியை விற்றுவிடு என்கிறார். எனக்கு விற்க மனமில்லை. என்ன செய்யலாம்?"

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அணையாமல் ஓடுகிறது" என்ற அந்த ஒரு வரிதான் முக்கியம். 350 வெள்ளியைக் கொடுப்பதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமான். சோக் என்பது அதன் வாயில் இருக்கும் ஒரு தகடு. நீங்கள் குமிழை இழுத்தால் அது மூடிக்கொண்டு உள்ளே போகும் காற்றைக் குறைக்கும். காற்று குறைந்தால் இன்ஜின் அதிகமாகப் பெட்ரோலை உறிஞ்சும். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்கு அது தேவை. சூடான இன்ஜினுக்குத் தேவையில்லை. சூடான பிறகும் சோக் கேட்கிறது என்றால், ஐட்லிங்கில், அதாவது எண்ணெயை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடும்போது, அந்த இன்ஜினுக்குக் காற்று அதிகமாகப் போகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. இரண்டில் ஒன்று. கார்புரேட்டர் மொத்தமாகச் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சுங்கை சிப்புட்டில் நான் வேலை பழகிய காலத்தில், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் ஒரு பெரியவர் தன் காரைக் கொண்டுவந்தார். ஓடும்போது வெட்டி வெட்டி இழுத்தது. நான் கார்புரேட்டர்தான் என்று உறுதியாகச் சொன்னேன். பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி மாற்றினோம். அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் திரும்பவும் அதே வெட்டு. கடைசியில், பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர்தான் காரணம். சுண்டுவிரல் அளவுச் சாமான், சில வெள்ளிதான். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து ஈரக் கையால் எண்ணிக் கொடுத்த காசு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நெருப்பையும் காற்றையும் பார்க்காமல் கார்புரேட்டரில் கை வைப்பதில்லை.

உங்கள் காரில் இருப்பது ஏ12 இன்ஜின், 1,171 சிசி. அதற்கேற்ற ஹிட்டாச்சி இரட்டைக்குழாய் கார்புரேட்டர். பழைய வேலை, ஆனால் நல்ல வேலை. இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டைப் பங்கிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நாற்பது வருடத்துக்கு மேல் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் அந்த கேஸ்கெட் கருகும், நட்டு தளரும். ஒரு மயிரிழை இடைவெளி போதும். கார்புரேட்டர் வழியாக வராத காற்று அந்த வழியாக நுழையும். வேகமாக ஓடும்போது அது தெரியாது. ஐட்லிங்கில் இன்ஜினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்தான். அங்கே இந்தத் திருட்டுக் காற்று கலந்தால் கலவை நீர்த்துப்போய் இன்ஜின் அணையும். சோக்கை இழுத்தால் பெட்ரோல் கூடிச் சமன் ஆகும். உங்கள் கார் செய்வது இதேதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காற்று நுழையும் இடங்கள். நீங்களே பார்க்கலாம். துணி இஸ்திரி போடும்போது பயன்படுத்தும் தண்ணீர் தெளிப்பான் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, அணையாமல் ஓடும்படி வையுங்கள். பிறகு மேனிஃபோல்ட் இன்ஜினோடு சேரும் ஓரத்தில் ஒவ்வொரு இடமாக மெல்லிய துளியாகத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கார்புரேட்டரின் அடிப்பாகம், அதன் கீழே இருக்கும் கறுப்புத் தடுப்புத் தட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய், வால்வு மூடியிலிருந்து வரும் குழாய், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாய் என்று ஒன்றையும் விடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது. சிலர் இதற்குக் கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். கடையில் நானும் அடிப்பதுண்டு. ஆனால் அது தீப்பிடிக்கும் சாமான், சூடான எக்சாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டு வாசலில் உங்களுக்குத் தண்ணீரே போதும். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் துப்பட்டாவோ தொங்கும் முடியோ போகக்கூடாது.

ரப்பர் குழாய்களை விரலால் மடித்துப் பாருங்கள். தோட்டத்துச் சூட்டில் அவை அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். மடித்த இடத்தில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டி விற்பார்கள், பெரிய செலவில்லை.

அடுத்தது நெருப்பு. பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் கலவை சரி. கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஆனால் நீங்கள் பாதிச் சோக்கில் ஓட்டுவதால் இப்போது எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். பிளக்கைத் துடைத்துப் போட்டு, சோக் இல்லாமல் ஒரு தடவை பீடோரிலிருந்து தாப்பாவுக்குப் போய்விட்டுப் பிறகு பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாய்ண்டின் இடைவெளி 0.45இலிருந்து 0.55 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வால்வு இடைவெளி சூடான இன்ஜினில் 0.35 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் ஃபோர்மேனிடம் கேட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். "பார்த்தாச்சு" என்று அவர் சொன்னால் எத்தனை இருந்தது என்று கேளுங்கள். உண்மையில் அளந்தவரால் உடனே சொல்ல முடியும்.

இப்போது கார்புரேட்டர். அதை மாற்றியே ஆக வேண்டுமா என்பதை ஒரே சோதனை சொல்லிவிடும். இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். மேலே இருக்கும் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஒரு தண்டு போகிறது, எண்ணெய் மிதியின் கம்பி அதைத்தான் திருப்புகிறது. அந்தத் தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றுவது வேறு, ஆடுவது வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது ஆட்டத்தை. கடகடவென்று ஆடினால் தண்டு போகும் துளை தேய்ந்து வாய் அகன்றுவிட்டது. அந்த வழியாக எப்போதும் காற்று நுழையும், எந்தக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. அப்போதுதான் கார்புரேட்டர் போச்சு என்று சொல்லலாம். அதையும் லேத் கடையில் கொடுத்து பித்தளைப் புஷ் அடித்து மீட்க முடியும். ஆனால் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும் கைகள் இப்போது குறைந்துவிட்டன. தெரிந்தவர் இருந்தால் கொடுங்கள்.

தண்டு இறுக்கமாக இருந்தால் உங்கள் அப்பாவின் கார்புரேட்டரை விட்டுவிடாதீர்கள். அதைக் கழற்றிக் கழுவி, ரிப்பேர் கிட் போட்டால் போதும். கேஸ்கெட்டுகள், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசி வால்வு, பம்ப் வாஷர் எல்லாம் அந்தக் கிட்டில் வரும். நீங்கள் சொன்ன "மிதித்ததும் ஒரு நொடி திணறல்" பெரும்பாலும் அந்தப் பம்ப் வாஷர்தான். வேகம் கூட்டும்போது கார்புரேட்டர் ஒரு சொட்டு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். வாஷர் சுருங்கினால் அது பீய்ச்சாது. பார்க்க எளிது: இன்ஜின் அணைந்திருக்கும்போது மேலிருந்து உள்ளே பார்த்தபடி கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பாய வேண்டும். பாயவில்லை என்றாலோ, இழுத்து ஒரு கணம் கழித்து ஒழுகினாலோ வாஷர் போச்சு.

கழுவும்போது ஜெட்டுகளின் துளையில் இரும்புக் கம்பியை விடாதீர்கள், யாரையும் விட அனுமதிக்காதீர்கள். ஜெட் என்பது அளந்து துளைத்த பித்தளை. கம்பி ஒரு தடவை கீறினால் துளை பெரிதாகி, பெட்ரோல் கணக்கு காலத்துக்கும் மாறிப்போகும். ஏர் கம்ப்ரஸர் காற்று போதும். மிஞ்சினால் தூண்டில் நைலான் நூல். ஐட்லிங் ஜெட்டின் துளைதான் மிகச் சிறியது. தூசியோ பழைய பெட்ரோலின் பிசினோ அதில்தான் முதலில் அடைக்கும். உங்கள் கார் சூடானதும் அணைவதற்கு இது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

ஹிட்டாச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மிதவை அறையின் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதை ஈரத் துணியால் துடைத்தால் உள்ளே பெட்ரோல் மட்டம் தெரியும். காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது பாருங்கள். மட்டம் கண்ணாடியில் உள்ள குறியில் நிற்க வேண்டும். குறிக்கு மேலே போனால் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். கீழே இருந்தால் பெட்ரோல் வரத்து குறைவு. எந்தக் கருவியும் இல்லாமல் கார்புரேட்டரின் வயிற்றைப் பார்க்க முடிகிறதே, இந்த வசதி எத்தனை கார்களில் உண்டு!

காலையில் வரும் பெட்ரோல் வாசத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மற்றதெல்லாம் தொல்லை, இது ஆபத்து. கார்புரேட்டர், கசியும் பெட்ரோல் சூடான எக்சாஸ்ட் மேல் விழும் இடத்தில் இருக்கிறது. நாளைக் காலையே, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டார்ச் அடித்துப் பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பையும் பாருங்கள். ஈரமோ, காய்ந்த பழுப்புக் கறையோ இருந்தால் அந்தக் குழாயை மாற்றும் வரை காரை எடுக்க வேண்டாம். பள்ளிக்கு இரண்டு நாள் பேருந்தில் போங்கள். அப்புறம் இன்ஜின் எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். எண்ணெயில் பெட்ரோல் வாசம் அடித்தால், பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்து பெட்ரோல் கீழே இறங்குகிறது, அல்லது கார்புரேட்டர் வழிகிறது. அந்த எண்ணெய் நீர்த்துவிட்டது, அதில் ஓட்டினால் பேரிங் தேயும். காரணத்தைச் சரிசெய்து எண்ணெயையும் மாற்றுங்கள். பாதிச் சோக்கில் தினமும் ஓட்டுவதும் இதே கெடுதலைச் செய்யும், ஆகவே அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

சரி, தண்டு ஆடுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என் முதல் தேர்வு, பழைய சாமான் கடையில் கிடைக்கும் அசல் ஹிட்டாச்சி. 120 ஒய் நம் நாட்டில் எல்லாத் தோட்டத்திலும் ஓடிய கார். டட்சன் கார்களை இங்கே பூட்டிய டான் சோங்கின் செகாம்புட் ஆலை 1976இல் திறந்தது, கிட்டத்தட்ட உங்கள் காரின் வயதுதான். ஆகவே தேடினால் கிடைக்கும். ஈப்போ பக்கம் விசாரியுங்கள். வாங்கும்போது அதே தண்டுச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். கண்ணாடி ஜன்னல் உடையாமல் இருக்கிறதா, சோக் தகடு தடையில்லாமல் திரும்புகிறதா, நாலு நட்டுத் துளைகளும் உங்களுடையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். போட்டோ போதாது.

350 வெள்ளிக்குச் சொன்ன புதியது நகல் சாமானாக இருக்கும். நகல் எல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே ஜெட் எண் வேறாக இருப்பதுண்டு. பெட்டியைத் திறந்து, அடிப்பாகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். ஆடாமல் உட்கார்ந்தால் மட்டம் சரி. பழையதன் ஜெட்டுகள் நல்ல நிலையில் இருந்தால், மரையும் அளவும் பொருந்தினால், அவற்றையே புதியதில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதை வாங்கினாலும் பழைய கார்புரேட்டரைக் கடையில் விட்டுவிடாதீர்கள், ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வெபர் வேண்டாம். அப்பாவின் நண்பர் சொல்வது 32/36 என்ற ரகமாகத்தான் இருக்கும். அருமையான கார்புரேட்டர், ஆனால் இரண்டு லிட்டர் இன்ஜின்களில் வந்தது. 1,171 சிசிக்கு அது பெரிய வாய். இடைத்தட்டு வேண்டும், ஜெட்டுகளை மாற்ற வேண்டும், எண்ணெய்க் கம்பியைத் திருத்த வேண்டும். பள்ளிக்குப் போய்வரும் காருக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு?

மாற்றும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பேட்டரி கம்பியைக் கழற்றியிருக்கிறாரா, இன்ஜின் ஆறியிருக்கிறதா, யாரும் சிகரெட் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் டேப் ஒட்டி எண் போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டரைத் தூக்கியதும் மேனிஃபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் இன்ஜின் தலையையே கழற்ற வேண்டிவரும். அந்தக் கறுப்புத் தடுப்புத் தட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். கீழேயிருந்து வரும் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் மதிய வெயிலில் காரை நிறுத்தி எடுக்கும்போது பெட்ரோல் அறையிலேயே கொதித்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். தட்டின் இரண்டு பக்கமும் புது கேஸ்கெட். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கினால் அடிப்பாகம் வளைந்துவிடும், மறுபடி காற்று நுழையும்.

பூட்டிய பிறகு நீங்கள் உள்ளே உட்கார்ந்து எண்ணெயை முழுதும் மிதித்து விடுங்கள். தகடு முழுதும் திறந்து, விட்டதும் சட்டென்று மூட வேண்டும். சோக் கேபிளையும் அப்படியே பாருங்கள், பழைய கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பதுண்டு. ஐட்லிங்கும் கலவையும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் வைக்க வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பெட்ரோல் டாங்க். இத்தனை வருட டாங்க்கில் துரு இல்லாமல் இருக்காது. பம்ப்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் டாங்க்கைக் கழுவாமல் எந்த கார்புரேட்டர் போட்டாலும் மூன்று மாதத்தில் அதே ஜெட் அடைக்கும். ஏர் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். செம்பனை லோரிகள் கிளப்பும் செம்மண் தூசியில் ஓடும் காருக்குப் புத்தகத்தில் போட்ட கணக்கு உதவாது.

விற்பதைப் பற்றி. கார்புரேட்டருக்காக இந்தக் காரை விற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் அம்மாவின் பயத்தையும் ஒதுக்காதீர்கள். காரைத் தூக்கி அடியில் பாருங்கள். தரைத்தகடும் சட்டமும் துருவில் உதிர்கிறதா, பிரேக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அழுகியிருந்தால் அதுதான் முதல் செலவு. கார்புரேட்டர் காத்திருக்கலாம்.

நாளைக் காலைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, கசிவு இல்லை என்றால் அந்தத் தண்டுச் சோதனையையும் செய்யுங்கள். கண்ணாடி ஜன்னலில் மட்டம் எங்கே நிற்கிறது, தண்ணீர் தெளித்தபோது எந்த இடத்தில் சத்தம் மாறியது, தண்டு ஆடியதா இல்லையா, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கேஸ்கெட், எந்தக் கிட் வாங்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.